வாவிக்கரையில் ஒரு பலூன்

கண்டி வாவிக்கரையில் ஐந்து மாடி ஹோட்டல் கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். வீதியில் நிற்பவர்களுக்கு வாவியை மறைக்கும் எதையும் அங்கே கட்டக்கூடாது என்பது விதி. அனுமதி தரவேண்டிய மாநகர சபை உறுப்பினர்கள் நேரில் பார்க்க வந்தார்கள். கட்டட உயரத்துக்கு நூல் அளந்து, சிவப்புப் பலூன் ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்டுக் காட்டுவது எங்கள் சபை அலுவலக வழக்கம். நூலைப் பிடிப்பது கட்டடப் படவரைஞனான என் வேலை.

அன்று ஹந்தானை மலைப் பக்கமிருந்து நல்ல காற்று. பலூன் சாய்ந்து, பக்கத்து மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"பாருங்க சேர், ஒண்ணுமே மறைக்கல்ல!" என்றார் ஹோட்டல் முதலாளி. உறுப்பினர்களும் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முதலாளி, காத்தடிச்சா ஒங்க ஹோட்டலும் இப்பிடியே படுத்துக்குமா?"

பேனாக்கள் சட்டைப்பைக்குத் திரும்பின.