டவல் மட்டும் தெரியாத வேளாங்கண்ணி

கடற்கரைப் பக்கம் விடுதி நடத்தும் ஜானகிராமன், பால் பாக்கெட்டைக்கூட இரண்டு தடவை முகர்ந்துதான் வாங்குவார். அவரிடம் ஒன்பது வருஷம் அறை சுத்தம் செய்து தாக்குப்பிடித்தவர் குருசுக்குப்பத்து வேளாங்கண்ணி. படிப்பு எட்டாம் வகுப்பு. அந்த வேலை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆட்டம் கண்டது.

ஸ்பெயின் தம்பதி படிக்கட்டில் நின்று தங்களுக்குள் ஏதோ ‘லூத்’ என்றார்கள். வேளாங்கண்ணி போய் பல்பை மாற்றினார். ‘பான்’ என்றார்கள். ரொட்டி வந்தது.

ஜானகிராமன் கதவைச் சாத்தினார்.

“எதிர்த்த கெஸ்ட் ஹவுஸ்காரன்தான உன்னை அனுப்புனான்? ஸ்பானிஷ் எங்க கத்துக்கின? உண்மைய சொல்லிட்டு மரியாதையா கெளம்பு.”

“ஸ்பானிஷா? கோயில் பாட்டுல வர்றதுதான முசியே இதெல்லாம்!” ஐயா என்பதற்கு ஊரின் பழைய பிரெஞ்சு வழக்கு, ‘முசியே’.

பையிலிருந்து நோட்டு வெளியே வந்தது. சர்ச்சில் சாவுப் பூசைக்கும் மற்ற பூசைக்கும் அவர் குழுவோடு பாடும் லத்தீன் பாட்டுகள், தமிழ் எழுத்தில். பக்கத்திலேயே பென்சிலில் அர்த்தம். லுக்ஸ் வெளிச்சம், பானிஸ் அப்பம், மாத்தெர் தாய், மோர்ஸ் சாவு.

லத்தீன் பெற்றுப்போட்ட பிள்ளைகளில் ஸ்பானிஷும் ஒன்று. மாத்தெர் அங்கே மாத்ரே, மோர்ஸ் முயெர்த்தே. ஆங்கிலம் அந்த வீட்டுப் பிள்ளையில்லை. ஆனாலும் அங்கிருந்து அள்ளிப்போனது கொஞ்சமா? ஆஸ்பத்திரி மார்ச்சுவரி வரைக்கும் அந்தச் சரக்குதான்.

ஜானகிராமன் நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நம்பவில்லை. ஸ்பெயின் அம்மாளையே கூப்பிட்டு, ஏதாவது கேட்கச் சொன்னார்.

“தோவாய்யா,” என்றார் அந்த அம்மாள்.

வேளாங்கண்ணி நோட்டை வாங்கிப் புரட்டினார். “இது நம்ம நோட்டுல இல்லியே!”

டவலைத்தான் கேட்டிருக்கிறார். அது லத்தீன் வீட்டுச் சொல் இல்லை, ஜெர்மானியர் பக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. நம் ‘டவலு’க்கும் அதே பூர்வீகம்தான். பூசைப் பாட்டில் அதற்கென்ன வேலை?

ஜானகிராமன் முகம் தெளிந்தது. அறை சுத்தம் செய்ய அனுப்பும் உளவாளிக்கு டவல் அல்லவா முதல் பாடம்?

“சரி, போய் வேலைய பாரு.”

நாலடி போனவரை மறுபடி கூப்பிட்டார். இப்போது குரல் இறங்கியிருந்தது.

“பிரெஞ்சும் லத்தீன் பிள்ளதான?”

பாரீசில் இருக்கும் தம்பியோடு அவர் தினமும் போனில் பேசுவது பிரெஞ்சில். பெருக்கிக்கொண்டிருக்கும் வேளாங்கண்ணிக்கு எதிரிலேயே. மாடியில் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், வீடு இன்னும் அம்மா பேரில்.

“ஒம்பது வருஷமா நான் பேசுனது உனக்கு...”

“எல்லாம் புரியாது முசியே. மேர், மோர், ரெண்டுதான். தாய், சாவு. அம்மாவுக்காக வேண்டிக்கிறீங்கன்னு நெனச்சுக்கினேன்.”

வேலை போகவில்லை. அன்றிலிருந்து அம்மாவுக்குக் காபி எடுத்துப்போவது ஜானகிராமனேதான். படிக்கட்டில் வேளாங்கண்ணி அதை வாங்கி, இரண்டு தடவை முகர்ந்துவிட்டுத்தான் மேலே விடுகிறார்.