பலகையில் ஒட்டிய பெயர்கள்

இன்று கொல்லிமலையில் எங்கள் அஜைல் கோச்சுகளின் கூட்டம். ஐ.டி. கம்பெனிகளில் குழுவாக வேலை செய்வது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்லித்தருகிறவர்கள் நாங்கள். எங்களுக்கு யார் சொல்லித்தருவது என்பது வேறு கதை.

யாரும் பேச ஒரு தலைப்பு வைக்கலாம், அதற்கு வட்டமாக உட்காருவோம்; பிடிக்காதவர்கள் எழுந்து வேறு தலைப்பின் வட்டத்துக்குப் போகலாம் என்பது விதி.

சேந்தமங்கலத்து ரஃபீக் வைத்த தலைப்பு, ‘என் குழுவில் வேலை போனவர்கள்’. எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ‘மகிழ்ச்சியான குழு’ வட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

“ஏனுங்க, நீங்க போகலீங்களா?” என்றார் என்னிடம்.

“கொண்டை ஊசி வளைவெல்லாம் இன்னும் வயித்துக்குள்ள சுத்துதுங்க. எந்திரிக்க முடியல.”

அவர் சிரிக்கவில்லை.

“யாருக்கு எந்த வேலை நிக்குதுன்னு பேரோட சீட்டு எழுதிப் பலகையில ஒட்டச் சொன்னேனுங்க. ஒளிக்காதீங்க, யாரும் தப்பா நினைக்கமாட்டாங்கன்னேன். ஆள் குறைக்கறப்ப மேல இருக்கறவங்க அந்தப் பலகையைப் பாத்துத்தான் யாரை அனுப்பறதுன்னு பேரைப் பொறுக்கினாங்க. திங்கக்கிழமை வேற குழுவுல பலகை மாட்டணும். அந்தப் புதுக் குழுகிட்ட என்னங்க சொல்றது?”



மாலையில் அமைப்பாளர் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு கொடுத்தார். “இன்னைக்கு எது புரியலைன்னு பேரோட எழுதிச் சுவத்துல ஒட்டுங்க. நமக்குள்ளதானே, ஒளிக்க வேண்டாம்.”

ரஃபீக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘எல்லாம் புரிந்தது’ என்று எழுதி, கீழே என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு ஒட்டினேன்.

உங்கள் ஆபீஸ் பலகையில் நீங்கள் என்ன எழுதுகிறீர்கள்? இங்கே கமெண்டில் பெயர் போடாமலும் சொல்லலாம்.