விரல் பிடித்த அளவு

பிரேசர் டவுனில் வாட்ச் கடை வைத்திருந்தவருக்கு மருதாணித் தாடி. வேலையின்போது ஸ்ட்ராப் மாட்டும் சின்னக் கம்பியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார். என் கணவர் ஊருக்கு வந்தபோது விட்டுப்போன கடிகாரத்துக்கு, மடக்குக் கிளிப் வைத்த தோல் ஸ்ட்ராப் போடச் சொன்னேன்.

“இதுக்கு ஓட்டையெல்லாம் மாத்தி மாத்திப் போட முடியாதும்மா. அளவு பாத்து ஒரே தடவ செட் பண்ணணும். கை எங்க?”

“துபாய்ல இருக்காரு. நாளைக்கு ஒருத்தர் போறாரு, குடுத்தனுப்பணும்.”

சொல்லும்போதே என் கட்டைவிரலும் நடுவிரலும் தாமாக வளைந்தன, நுனிகள் தொடாமல். என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்தால் அவ்வளவுதான் எட்டும்.

“அப்டியே வெச்சுக்கோ.” என் விரல்களுக்குள் காகிதத்தைச் சுற்றி அளந்துகொண்டார்.

வாசலில் திரும்பிப் பார்த்தேன். கடைக்காரரும் இரண்டு விரல்களை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடையதைவிடச் சின்ன வளையம். யார் கை அது?