மாடத்தி தைத்த தோபித்து

ஆஸ்பத்திரியிலிருந்து நான் சுக்கு மண்டிக்குப் போன் செய்தபோது பகல் பதினொன்றே கால். மண்டிக்கு எதிர் அறையில் மாடத்தி ஊசியைப் பல்லில் கடித்தபடி நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாளாம். எதிரே முக்காலியில் அப்பா. மண்டியில் மூட்டை சுமக்கும் அழகர் போய், அம்மா இறந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். அப்பா எழுந்து மாடத்தியின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் நடந்தார். கூப்பிடப் போன அழகரை அவள் தடுத்தாள். "விடு. சாருக்கு இன்னிக்கு எல்லாச் செருப்பும் ஒண்ணுதான்." பிறகு அப்பாவின் தோல் செருப்பைத் தான் மாட்டிக்கொண்டு, அறையைப் பூட்டிவிட்டு, அவருக்குப் பத்தடி பின்னாலேயே ஆஸ்பத்திரி வரை வந்தாள்.

மாடத்தி புத்தகம் கட்டுகிறவள். யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்புறம் சுக்குத் தூளும் மிளகுத் தூளும் பறக்கும் சந்தில் ஓர் அறை. அதுவே கடை, அதுவே வீடு. அவள் கட்டிய புத்தகத்தைத் திறந்தால் முதலில் தும்மல் வரும், பிறகுதான் எழுத்து தெரியும். வயது ஐம்பத்தைந்து இருக்கும். குடும்பம் திருநெல்வேலிப் பக்கம், பிறப்பு மட்டாஞ்சேரி. மலையாளத்தை ஓட்டமாக வாசிப்பாள். தமிழை எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு சொல்லையும் கையால் தடவிப் பார்ப்பதுபோல வாசிப்பாள். கும்பிடுவது சுடலைமாடனை. அவள் கைக்கு வருவதில் பாதி பைபிள்.

வாசிக்காமல் எதையும் தைக்க மாட்டாள். வாசிக்காமல் தைத்தால் பக்கம் மாறிவிடும் என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லுவாள். அது பொய். அவளுக்குக் கதை வேண்டும். யோபுவின் மீது அவளுக்கு இரக்கம் உண்டு, பொறுமை கிடையாது. அவ்வளவு நேரம் பேசிய சிநேகிதர்களில் ஒருவனாவது வைத்தியரைக் கூப்பிட்டிருக்கலாம் என்பாள். பவுல் ஊர் ஊராகக் கடிதம் போட்டிருக்கிறாரே தவிர, சொந்த வீட்டுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாரா என்று கேட்பாள். மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்குவது கரப்பானை விரட்ட. அந்தக் கரப்பான்களைப் பற்றியும் அவளுக்கு ஓர் ஆராய்ச்சி உண்டு: "கரப்பானுக்கு எந்த சபைன்னு நோட்டமில்ல. கத்தோலிக்கா பைபிளும் தின்னும், சி.எஸ்.ஐ. பைபிளும் தின்னும். லேவியராகமம் மட்டும் ரெண்டுலயும் தொடாது."

பைபிள் ஒன்றல்ல என்பதை அவள் தடிமனிலேயே கண்டுபிடித்தாள். கத்தோலிக்கருடையது எழுபத்துமூன்று புத்தகம், சி.எஸ்.ஐ.காரருடையது அறுபத்தாறு. தங்கள் பழைய சுறியானிப் பிரதியில் வெளிப்படுத்தின விசேஷமே கிடையாது என்று ஒரு சிரியன் கிறிஸ்தவர் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜூ டவுன் யூதக் கிழவர் ஒருவர், மத்தேயு தொடங்கிப் பின்னால் இருப்பது எதுவும் தங்களைச் சேர்ந்ததல்ல என்று சிரித்தார். மாடத்திக்கு இதில் வியப்பே இல்லை. அவர்கள் மாடன் கோயிலில் இருபத்தொரு தெய்வங்கள். இருபத்தொன்று என்பதில் சண்டை கிடையாது. எந்த இருபத்தொன்று என்பதில் மூன்று கொடைத் திருவிழாக்களாகப் போலீஸ் வந்திருக்கிறது.

அப்பா அவளிடம் வந்தது ஏப்ரல் கடைசியில். வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், சி.எஸ்.ஐ. தமிழ்ச் சபையின் கமிட்டிச் செயலாளர். முதுகு பிய்ந்த எங்கள் வீட்டு பைபிளை மத்தி மீன் வாங்கி வருவதுபோலச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். உள்ளே இன்னொரு காகிதக் கட்டும் இருந்தது. பதினாறு பக்கம் சேர்த்து மடித்த ஒரு மடிப்பு. அச்சுத் தொழிலில் அதைப் பாரம் என்பார்கள். அது தோபித்து என்னும் புத்தகம். கத்தோலிக்க பைபிளில் உண்டு, அப்பாவின் பைபிளில் இல்லை.

அம்மா தூத்துக்குடிக் கத்தோலிக்கப் பெண். கல்யாணத்துக்குப் புறப்படும்போது தன் அப்பாவின் பைபிளிலிருந்து அந்த ஒரு பாரத்தை மட்டும் உருவி டிரங்குப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். அதில் சாராள் என்ற மணப்பெண் முதல் இரவில் சொல்லும் ஒரு ஜெபம் வருகிறது: நாங்கள் இருவரும் சேர்ந்து முதுமை அடையும்படி செய்யும் என்று. அதைத் தன் கல்யாணத்தில் வாசிக்கக் கேட்டிருக்கிறாள். பட்டியலில் இல்லாத புத்தகத்திலிருந்து வாசிக்க முடியாது என்று அப்பா மறுத்துவிட்டார். நாற்பத்தோரு வருஷம் அந்தப் பாரம் பெட்டியிலேயே கிடந்தது. இனி பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்ன மறுநாள் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். தான் போவதற்குள் அது வீட்டு பைபிளுக்குள் இருக்க வேண்டும். பின்னால் அல்ல, நெகேமியாவுக்கும் எஸ்தருக்கும் நடுவில், அதன் இடத்தில்.

இதைக் கேட்டதும் மாடத்தி முதலில் தூத்துக்குடியைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். "அப்போ அங்க ஒரு பைபிள் பாதி சி.எஸ்.ஐ. ஆயாச்சு, சாரே."

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் முக்காலியில் உட்கார்ந்து, தோபித்து ஏன் வேதமல்ல என்று அவளுக்கு விளக்கினார். விளக்கம் யாருக்கென்று இருவருக்கும் தெரியும். எதையெல்லாம் வாசிக்கலாம் என்று ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிஷப் ஈஸ்டர் கடிதத்தில் பட்டியல் போட்டதைச் சொன்னார். தோபித்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் அதை நம்பவே இல்லை, ஒரே நாளில் முடித்துத் தள்ளிவிட்டார் என்றார். ஒரே நாளில் ஒரு புத்தகம் என்றால் நல்ல வேலைக்காரன் என்று மாடத்தி ஜெரோமை மெச்சினாள். கடைசியில் அப்பா ட்ரெண்ட் நகரத்துச் சங்கத்துக்கு வந்தார். கத்தோலிக்கர்கள் இந்தப் புத்தகங்களை உறுதி செய்தது அங்கேதான். தீர்மானத்துக்கு இருபத்துநாலு ஓட்டு ஆதரவு, பதினைந்து எதிர்ப்பு, பதினாறு பேர் ஓட்டே போடவில்லை.

"அந்தப் பதினாறு பேரும் சாயா குடிக்கப் போயிருப்பாங்க," என்றாள் மாடத்தி. "நம்ம முனிசிபாலிட்டியிலயும் அதாக்கும் நடப்பு. சாரே, ரேஷன் கார்டுல பேர வெட்டினா ஆளு இல்லன்னு ஆகுமா? வெட்டின ஆளும் அந்த வீட்லதானே உண்ணுது."

தோபித்தையும் அதற்குள் எழுத்துக்கூட்டி முடித்திருந்தாள். அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. குருவி எச்சம் விழுந்து கிழவனுக்குக் கண் போகிறது, மீன் பித்தத்தால் திரும்ப வருகிறது. வழிப்பயணத்தில் கூடவே ஒரு நாய் நடக்கிறது. சாராளுக்கு வந்த மாப்பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கொன்ற பேய், மீனின் ஈரலைச் சுட்ட புகையில் ஓடிவிடுகிறது. அது மட்டும் உண்மையானால் மட்டாஞ்சேரியில் ஒரு பேயும் குடியிருக்க முடியாது என்றாள்.

அப்பா பேரம் பேசத் தொடங்கினார். வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் பின்னால் வைத்துவிடலாமா? அப்படியானால் சார் ஜெயித்த மாதிரி, அம்மா கேட்டது அதல்ல என்றாள். இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில்? லூதரே அங்கேதான் வைத்தார். லூதர் இந்த அம்மாவுக்கு மாப்பிள்ளையா என்று கேட்டாள். இடத்தில் தோற்ற பிறகு அப்பா குரலைத் தாழ்த்தி, தைக்க வேண்டாம், ஓரத்தில் பசை தொட்டு ஒட்டினால் போதும் என்றார்.

மாடத்தி கையிலிருந்த எலும்புத் துண்டைக் கீழே வைத்தாள். மடிப்பைத் தேய்க்கும் அந்தத் துண்டை அவள் பேச்சுக்காகக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. அன்று அப்பாவை அழைத்துப் போக வாசலில் நின்றிருந்தேன்.

"தைச்சது உள்ளது. ஒட்டினது விருந்தாளி. ஆவி காட்டினா வந்துரும்," என்றாள். "அம்மா போன பெறகு எடுக்கணும்னு சார் மனசுல உண்டுன்னா சொல்லுங்க, ஒட்டித் தாரேன். எனக்கும் வேலை குறைவு."

அப்பா முக்காலியிலிருந்து எழுந்து வாசல் வரை வந்தார். பிறகு, "தைச்சிரு," என்றார்.

அதோடு முடியவில்லை. பாரம் புத்தகத்தின் எல்லையைப் பார்த்து மடிக்கப்படுவதில்லை. தோபித்தின் முதல் பக்கத்து உச்சியில் நெகேமியாவின் வால் இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், பட்டியலில் இல்லாத இன்னொரு புத்தகமான யூதித்தின் முதல் பத்து வரி. அதையாவது வெட்டிவிடச் சொல்லி அப்பா கெஞ்சினார். யூதித்து, சேனாதிபதியின் கழுத்தை இரண்டு வெட்டில் எடுத்த பெண். "தலை வெட்டுறது அவ வேலை சாரே. அவ தலைய நான் வெட்ட மாட்டேன்." ஆக, டிக்கெட் இல்லாமல் யூதித்தும் ஏறிக்கொண்டாள்.

மே மாதம் முழுவதும் கல்யாணப் பத்திரிகை வேலையும் பள்ளிக்கூட நோட்டு வேலையும். வீட்டு பைபிளைப் பிரித்துச் சுத்தம் செய்து, அவள் ஆதியாகமத்திலிருந்து தைக்க ஆரம்பித்தது ஜூன் முதல் வாரம். ஆஸ்பத்திரியில் அம்மா தினமும் ஒரு கேள்விதான் கேட்டாள்: எதுவரை வந்திருக்கிறாள்? நியாயாதிபதிகள் என்றேன். இராஜாக்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை எஸ்றா என்றேன். "அடுத்து நெகேமியா, அப்புறம் நான்," என்றாள். அம்மா இறந்த அந்தத் திங்கட்கிழமை காலை அப்பா அவளிடம் சொல்லிக்கொண்டு, அதைக் கண்ணால் பார்த்து வரத்தான் போயிருந்தார்.

எட்டாம் நாள் அவர் மறுபடி போனார். குடை பிடிக்க நானும் போனேன். மாடத்தி துக்கம் கேட்கவில்லை. முக்காலியைத் துடைத்துப் போட்டாள். அம்மிக்கல்லுக்கு அடியிலிருந்து பைபிளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தோபித்தின் நடு மடிப்பில் ஓடிய நூல் கடைசித் துளை வழியாக வெளியே வந்து நின்றிருந்தது. முந்தின பாரத்தோடு சேர்த்து அதற்கு முடிச்சுப் போடவில்லை. பக்கத்தில் கத்தரிக்கோலையும் வைத்தாள்.

"முடியட்டா, உருவட்டா? இனி கேக்க ஆளில்ல. சாரோட இஷ்டம்."

அப்பா கத்தரிக்கோலைத் தொடவில்லை. கண்ணாடியை மாட்டி, பாரத்தைத் திறந்து, உதடு மட்டும் அசைய ஏதோ ஓரிடத்தை வாசித்தார். மூடினார். மாடத்தி நூலை இழுத்து வளையம் போட்டபோது அவர் ஆள்காட்டி விரலை நீட்டி, முடிச்சு நழுவாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"விரல எடுங்க, சேத்துக் கட்டிருவேன்," என்றாள்.

இரண்டாவது முடிச்சும் விழுந்த பிறகுதான் எடுத்தார். எஸ்தரிலிருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரை அவள் தைக்க இன்னும் மீதி இருந்தது.