நாலாவது குளிப்பு

போன வாரம் நாய்க்கு உண்ணி மருந்து வாங்க மாத்தளை டவுனுக்குப் போனேன். கடைப் பிள்ளை விரல் நீளக் குழாய் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, "நாய் எத்தனை கிலோ அன்ட்டி?" என்று கேட்டாள். நானே ஏறிப் பார்க்காத தராசில் நாயை எங்கே நிறுத்துவது? "சாப்பிடக் கூப்பிட்டா பெரிய நாய், குளிக்கக் கூப்பிட்டா சின்ன நாய்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "எடை தெரியாம தர ஏலாது. மருந்து கூடிப்போனா நாய்க்கு ஆபத்து."

அதை எனக்கா சொல்கிறாள்! கடைக்குள் அடித்த மருந்து வாடை என்னை அதற்குள் யட்டவத்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வரிசைவீட்டு லயத்துக்கே இழுத்துக்கொண்டு போயிருந்தது.

அப்போது நான் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டிலுக்கடியில் லயத்து நாயும் தூங்கும். எங்கள் வீட்டில் காலை ரொட்டிக்கு அது ராஜா. பக்கத்துவீட்டு முத்தம்மாக்காவின் பகல் சோற்றுக்கு மணி. கோடிவீட்டுச் சின்னையா மாமா கருவாட்டுத் தலையோடு கூப்பிட்டால் டைகர். பேரில் ஓர் எழுத்து பிசகினாலே அரசாங்கக் கந்தோர் கந்தோராக நாங்கள் ஏறி இறங்கிய காலம் அது. குடியுரிமைகூட இல்லாத எங்கள் நடுவே இந்தத் துரை மட்டும் மூன்று பெயரோடு நடைபோட்டார்.

ஒரு மழைக்காலத்தில் லயமெல்லாம் தெள்ளும் உண்ணியும். தோட்டத்தில் வீட்டுக்கு வீடு மருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி, நாய்க்கு ஒரு தரம். காலையில் முத்தம்மாக்கா பீலியில் கொட்டும் தண்ணீரில் மருந்தைக் கலக்கி மணியைக் குளிப்பாட்டினார். ஈரமாக வந்த டைகரைக் கண்ட சின்னையா மாமா, தூறலில் நனைந்திருக்கிறது என்று நினைத்துத் தாமும் குளிப்பாட்டினார். "கொஞ்சம் கூடப் போட்டா என்னா? உண்ணி சீக்கிரம் சாகும்!" அதற்குப் பிறகு அம்மா ராஜாவைப் பிடித்தார். லயமே மருந்து வாடை அடித்ததால் நாயின் வாடை யார் மூக்கிலும் தனியாக ஏறவில்லை.

மத்தியானத்துக்குள் அதன் வாயில் நுரை தள்ளியது. நாலு காலும் வெடவெடத்தன.

"ஐயோ, என் மணிக்கு என்னமோ ஆகிப்போச்சு!" என்றார் முத்தம்மாக்கா.

"மணியா? இது நம்ம டைகருல்ல!" என்றார் சின்னையா மாமா.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க, எங்க ராஜா சாகப் போகுது!" என்று அம்மா அழுதுவிட்டார்.

படங்குச் சாக்கில் நாயைக் கிடத்தி, ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினோம்.

"மருந்து எத்தனை தரம் போட்டீங்க?" என்று அவர் கேட்டார்.

மூன்று வீட்டாரும் ஒரே குரலில், "ஒரு தரந்தாங்க!"

மூவர் சொன்னதும் சத்தியம். வைத்தியர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "நாய் ஒன்னு. சொந்தக்காரங்க எத்தனை?" ஊசி போட்டுவிட்டு, சவுக்காரம் தேய்த்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அன்றைக்கு அதற்கு நாலாவது குளிப்பு. பிழைத்துக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தில் மூன்று வீட்டிலும் கருவாடு போட்டோம்.

இனி மருந்து போட்ட வீடு கழுத்தில் துணி கட்ட வேண்டும் என்று பேசி வைத்தோம். அடுத்த தடவை பயத்தில் மூன்று வீட்டாரும் முந்திக்கொண்டு துணி கட்டினார்களே தவிர, மருந்தை ஒருவரும் போடவில்லை. உண்ணிக்குக் கொண்டாட்டம்.

பிறகு மற்ற இரண்டு வீட்டுக்கும் இந்தியாவுக்குப் போகச் சொல்லிப் பேப்பர் வந்தது. முத்தம்மாக்கா குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. அடுத்த வருஷம் சின்னையா மாமா. நாயின் மூன்று பெயரில் எங்கள் வீட்டு ராஜா மட்டும் மிச்சம்.

ஆனாலும் பகல் சோற்று நேரத்துக்கு அது முத்தம்மாக்காவின் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். மனசு கேட்காமல் நான் "மணி!" என்று கூப்பிடுவேன். சட்டென்று வாலாட்டிக்கொண்டு திரும்பும். நான்தான் என்று தெரிந்ததும் மறுபடி கதவைப் பார்க்கும்.