திரும்பாத இரண்டு

எல்லையில் சண்டை நின்ற அடுத்த மாதம், குடுமியான்மலை வழியாகப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலை கறுப்பு, புருவம் மட்டும் நரைத்திருந்தது. ஒரு காகிதத்தில் பென்சிலால் கட்டங்கள் போட்டு எண்களை நிரப்புவார். நிரப்பியதும் ரப்பரால் அழித்துவிட்டு மறுபடியும் போடுவார். நான் கணக்கு வாத்தியார், சும்மா இருக்க முடியவில்லை.

"என்ன கணக்குங்க?"

"சண்டையப்போ ராணுவ ஆபீஸ்ல போட்ட கணக்குங்க. இருக்குற விமானத்தையும் குண்டையும் எதிரியோட எந்தப் பாலத்துக்கு எவ்வளவுன்னு பிரிச்சுவிடணும். அவங்களுக்குச் சேதம் அதிகமா இருக்கணும், நமக்குக் கொறைச்சலா இருக்கணும்."

"கொறைச்சலான்னா?"

"எத்தனை விமானம் திரும்பாதுன்னு முன்கூட்டியே ஒரு எண் போடணுங்க. நான் ரெண்டு போட்டேன்."

"எத்தனை திரும்பல?"

"ரெண்டுதாங்க. கணக்கு சரியா வந்துச்சுன்னு மேலதிகாரி கையைக் குலுக்கினார்." மடியில் கிடந்த ரப்பர் தூளைத் தட்டிவிட்டார். "அதுல ஒண்ணை ஓட்டின பையன் குடுமியான்மலைங்க. அவன் ஆத்தாவைப் பாக்கத்தான் வாரேன்."

அங்கே இறங்கியவர் ஊருக்குள் போகவில்லை. பஸ் கிளம்பியபோதும் ரோட்டோரத்தில் நின்றபடி, அந்தக் காகிதத்தை மறுபடி விரித்துக்கொண்டிருந்தார். விடை சரியென்று தெரிந்த கணக்கை அவர் ஏன் திரும்பத் திரும்பப் போட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஒரு தடவையாவது ரெண்டுக்குக் குறைவாக வராதா என்றுதான்.