மாடு நின்ற இடம்

குளுவாங் ரயிலடியிலிருந்து காஹாங் ரப்பர் தோட்டங்களுக்கு அரிசி மூட்டையும் ஆட்களையும் ஏற்றிப்போன மாட்டுவண்டிக்காரர் அவர். பெயர் கேட்டதில்லை. மீசை கன்னம் வரைக்கும் போகும். பேச்சு மட்டும் சன்னமாக வரும். சாட்டை வைத்திருக்க மாட்டார். மாடு நின்றால் நிற்பார், நடந்தால் போவார்.

அவருடைய கிழட்டு மாடுகள் களைத்து நின்ற மேட்டில்தான் நான் முதன்முதலாக அடுப்பு வைத்துத் தோசை சுட்டேன். எனக்குப் பிறகுதான் நாவிதர் வந்தார், சீனர் ஒருவர் மளிகைக் கடை போட்டார். சின்னக் கம்பமே, ஒரு குட்டிக் கிராமமே ஆகிவிட்டது.

ஒருநாள் வண்டியில் புது இளங்காளைகள். மேட்டில் நிற்காமலே போயின. எங்களுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. வண்டி கூடவே நடந்து கேட்டேன்.

“அண்ணே, உங்க மாட்ட நம்பித்தானே இங்க கடை போட்டோம்? நிக்காம போனா எங்க பொழப்பு என்னாவுறது?”

“நான் என்னம்மா செய்ய? அதுங்களுக்கு இன்னும் களைப்பு வரலியே.”

“எங்க வரும்?”

“அதுங்களத்தான் கேக்கணும்.”

மாட்டிடம் கெஞ்சுகிறவள் நானில்லை. மறுநாள் தோசைக்கல்லைத் தலையிலும் மாவுப்பானையை இடுப்பிலும் வைத்து வண்டிக்குப் பின்னாலேயே நடந்தேன். நாவிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

வெகுதூரம் தள்ளி, ஓர் ஆற்றுப்பாலத்தருகே காளைகள் நின்றன. அங்கேயே அடுப்பு மூட்டினேன்.

“ரெண்டு தோச போடும்மா, இதுங்க கெளம்ப நேரமாகும்” என்றார் வண்டிக்காரர்.

சிரித்த நாவிதரும் கொஞ்ச நாளில் பெட்டியோடு வந்து சேர்ந்தார். எங்கள் கம்பம் இன்றும் அந்தப் பாலத்தடியில்தான் இருக்கிறது. ஆனால் அன்று அந்தக் காளைகளின் வாயில் துளி நுரை இல்லை. களைத்தது மாடுதானா, என் மூச்சிரைப்பைக் கேட்டு வண்டிக்காரர்தான் கயிற்றை இழுத்தாரா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.